செய்தி செல்லும் வழி

சென்னை மயிலாப்பூரில் லஸ் முனைக்கு அண்மையில் நிழல் மிக்க பூங்கா ஒன்று உண்டு. காலையில் முதியோர் உலாவுதற்கும், மாலையில் சிறுவர் ஓடியாடுதற்கும் இடந்தரும் அப்பூங்காவிற்கு நாகேசுவரராவ் பூங்கா என்று பெயர். நாள்தோறும் அங்கு வந்து செல்வோருள், அந்த நாகேசுவரராவ் யாவர் என வினவி அறிந்தோர் சிலரே ஆவர். ஆயினும் அவர் கண்ட தைலத்தை அறியாத வீடு தமிழ்நாட்டில் அரிது. தலைவலி வந்தால் நெற்றியில் தடவும் அமிர்தாஞ்சனத்தை 1893 ஆம் ஆண்டில் பம்பாய் நகரில் செய்து விற்கத் தொடங்கியவர் அவரே.

காசிநாதுனி நாகேசுவரராவ் பந்துலு 1867 ஆம் ஆண்டில் ஆந்திர நாட்டில் பிறந்தவர். தைல வாணிகம் அவருக்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்தது. அப்பொருளை அவர் எவ்வழியிற் செலவிட்டார் என்பதே ஈண்டு நோக்கத் தக்கது. தெலுங்கு மக்களுக்கு நாட்டு நடப்பை அவர்கள் மொழியிலேயே எடுத்துரைக்கும் இதழ் ஒன்று வேண்டும் எனக் கருதிய அவர், 1908 இல் பம்பாயிலேயே 'ஆந்திர பத்திரிகா' என்னும் கிழமை இதழைத் தொடங்கினார். மராத்தியும் குசராத்தியும் வழங்கும் நகரில் ஒரு தெலுங்கு இதழ்! 1914 இல் அதனைச் சென்னைக்குக் கொணர்ந்து நாளிதழ் ஆக்கினார். 1924 இல் 'பாரதி' என்னும் இலக்கிய இதழைத் தோற்றுவித்தார். எளியோரும் வாங்கத் தக்க விலையில் நல்ல நூல்களை வெளியிட 'ஆந்திர கிரந்தமாலா' என்னும் வரிசையை ஏற்படுத்தினார். ஆந்திர நாட்டில் எழுந்த நூலக இயக்கத்திற்கும் வாரி வழங்கினார். மயிலாப்பூரில் 'ஸ்ரீபாக்' என்னும் மனையில் அவர் வாழ்ந்தார். ஆந்திரத் தலைவர்கள் 1937 இல் கூடி உடன்படிக்கை செய்துகொண்டது அம்மனையில்தான். மறு ஆண்டு அவர் மறைந்தார்.

அக்காலத்து மயிலாப்பூர்த் தெரு ஒன்றை மனக்கண்ணாற் காண்போம். அடுத்தடுத்து இரு வீடுகள். ஒரே கிணற்று நீர். ஒரே கோயில் திருவிழா. ஆனால் காலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் தமிழ் நாளிதழும், மறு வீட்டுத் திண்ணையில் தெலுங்கு நாளிதழும் விரிகின்றன. ஒரே நிகழ்ச்சி இரு வழிகளில் இரு வீடுகளை அடைகின்றது. ஒரு வழி அடைபட்டால் அவ்வீடு மட்டும் இருளில் இருக்கும். அடுத்த வீட்டார்க்கு அந்த இருள் புலப்படாது.

செய்தி காற்றைப்போல் எங்கும் தானே பரவுவதன்று. அது வாய்க்கால் நீரைப் போன்றது. வெட்டிவைத்த வழியேதான் செல்லும். ஒரு நாட்டில் பெரும்பான்மையோர் பேசும் மொழிக்கு அந்த வாய்க்கால்கள் பல. அரசு ஆணையும், பள்ளிப் பாடமும், வானொலியும், கடைப் பலகையும் அம்மொழியில் அமைகின்றன. சிறுபான்மையோர் தமக்குரிய கால்வாயைத் தாமே வெட்டிக்கொள்ள வேண்டியவராகின்றனர். நாகேசுவரராவைப் போன்ற செல்வர் ஒருவர் வாய்த்தால் அது எளிதாகும். வாய்க்காத கூட்டத்தார் என் செய்வர்?

மயிலாப்பூருக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில் உள்ள திருவல்லிக்கேணி மற்றொரு சான்று தருகின்றது. ஆர்க்காட்டு நவாபுகளின் காலந்தொட்டே உருது பேசும் மக்கள் அங்கு மிகுதியாக வாழ்ந்து வருகின்றனர். எட்வர்டு பால்ஃபர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவரின் முயற்சியால் 1850 இல் முகமதியர் பொது நூலகம் அங்கே நிறுவப்பட்டது. 1927 இல் சையது அசுமத்துல்லா என்பவர் 'முசல்மான்' என்னும் உருது நாளிதழைத் தொடங்கினார். அவ்வாண்டில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டின் தலைவர் டாக்டர் அன்சாரி அதனைத் தொடங்கி வைத்தார் என்பர்.

அவ்விதழின் சிறப்பு, அது அச்செழுத்துக் கோத்து ஆக்கப்பட்டதன்று என்பதே. காதிப் எனப்படும் எழுத்துக் கலைஞர் சிலர், செய்திகளை அழகிய உருது எழுத்தில் கையாலேயே எழுதுவர். எழுதிய தாளைப் படம் பிடித்துத் தகட்டில் ஏற்றி அச்சிடுவர். ஒரு பிழை நேர்ந்தால், பக்கம் முழுவதையும் மீண்டும் எழுத வேண்டியும் வரும். கடைசி நேரத்தில் வரும் செய்திக்காக முதற்பக்கத்தின் மூலையிற் சிறிது இடம் விட்டு வைப்பர். நான்கே பக்கங்களைக் கொண்ட அம்மாலை இதழ், கணிப்பொறி பெருகிய இருபத்தோராம் நூற்றாண்டிலும் கைப்பட எழுதப்பெற்று வெளிவந்தது. எழுதுவோர் பெற்ற ஊதியம் பெரிதன்று. எனினும் ஒரு சமூகம் தன் செய்தியைத் தன் எழுத்திலேயே காண விரும்பிய வேட்கை அவர்தம் கையை இயக்கிற்று.

இனி, அரசின் செய்தி எவ்வாறு சென்றது எனக் காண்போம். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தனியே பிரிந்தது. அதற்காகப் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணா நோன்பிருந்து 1952 டிசம்பரில் உயிர் நீத்ததும் மயிலாப்பூரிலேதான். பிரிவினைக்குப் பின்னரும் சென்னையிலேயே தங்கிவிட்ட தெலுங்கு மக்கள், முன்னிருந்ததைவிடச் சிறிய கூட்டத்தார் ஆயினர். 1956 இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. தமிழ் மக்கள் தம் மொழியில் ஆட்சி நடைபெறக் கண்டனர், அது நேரியதே. அதே வேளையில் பிறமொழியாளர்க்கு அலுவலகப் பலகை புதியதொரு மொழியில் பேசத் தொடங்கிற்று.

இத்தகையோரை இந்திய அரசமைப்பு மறந்துவிடவில்லை. குறையுடைய எவரும், ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தம் விண்ணப்பத்தை எழுதி அளிக்கலாம் என அதன் 350 ஆம் பிரிவு உரிமை தருகின்றது. குடிமகனிடமிருந்து அரசுக்குச் செல்லும் வழி இவ்வாறு திறந்தது. அரசிடமிருந்து குடிமகனுக்கு வரும் வழியோ அத்துணை அகலமானதன்று. மொழிச் சிறுபான்மையோர் காப்புக்காக 1956 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் அரசுகள் உடன்பட்ட ஏற்பாடுகளுள் ஒன்று, ஒரு பகுதியில் நூற்றுக்குப் பதினைந்து பேரேனும் ஒரு சிறுபான்மை மொழியைப் பேசினால், இன்றியமையா விதிகளையும் அறிவிப்புகளையும் அம்மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது. எல்லைப்புறத் தாலுகாக்களுக்கு இது பொருந்தும். மாநகருக்கோ பொருந்துவதில்லை. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், சென்னை மாவட்டத்தில் தமிழுக்கு அடுத்தபடியாக மிகுதியாகப் பேசப்பட்ட மொழி தெலுங்கே. அதுவும் நூற்றுக்குப் பதினைந்தை எட்டவில்லை. உருது, இந்தி, மலையாளம், கன்னடம் முதலியன அதனினும் குறைவு. தெருவுக்கு நான்கு வீடாகச் சிதறி வாழ்வோரின் தொகை, எந்தக் கணக்கிலும் வரம்பைத் தொடுவதில்லை அன்றோ?

எழுத்துடைய மொழிகளின் நிலை இதுவாயின், எழுத்தில்லா மொழியின் நிலை என்னாகும்! திருவான்மியூர்ப் பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவர், தம்முள் 'வாக்ரிபோலி' என்னும் மொழியைப் பேசுவர். அது குசராத்தி, மராத்தி முதலிய மொழிகளோடு உறவுடையது. தனக்கென எழுத்து இல்லாதது. அவர்களுக்கு நாளிதழ் நடத்தவோ, பலகை எழுதவோ இயலாது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. தமிழ்நாட்டு நரிக்குறவரும் குருவிக்காரரும் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பெற்றனர். 2023 சனவரியில் குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் அளித்தார். பல்லாண்டு வேண்டுகோள் கைகூடிற்று. ஆயினும் சாதிச் சான்றிதழை எங்கே பெறுவது, எந்தத் தாளை உடன்கொண்டு செல்வது, பிள்ளையின் உதவித்தொகைக்கு எந்நாளுக்குள் விண்ணப்பிப்பது என்பவற்றை அவர்களுக்கு ஒருவர் வாயால் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்வார் இல்லையேல், தில்லியிற் பிறந்த சட்டம் திருவான்மியூரை அடைய மேலும் பல்லாண்டு செல்லும்.

புதியோர் கூட்டம் ஒன்றும் இந்நாளில் நகரில் பெருகியுள்ளது. பீகார், ஒடிசா, வங்காளம், அசாம் ஆகிய நாடுகளிலிருந்து வேலை நாடி வந்தோர், அடையாற்றுக்குத் தெற்கே எழும் மாடங்களிலும், தியாகராய நகர்க் கடைகளிலும், உணவு விடுதிகளிலும் உழைக்கின்றனர். தென்னாட்டார்க்கு இந்தி கற்பிப்பதற்கென 1918 இல் தோன்றிய தட்சிண பாரத இந்திப் பிரசார சபையின் தலைமை இடம் தியாகராய நகரிலேயே உள்ளது. இந்தி பேசுவோர் இத்துணைப் பேர் இங்கு வந்து, தமிழ்ப் பலகையைப் படித்துச் சொல்வார் இன்றித் திகைக்கும் நாளும் வரும் என அன்று எவரும் எண்ணியிரார். குடும்பத்தோடு வந்தவர் வீட்டில் இத்திகைப்பைத் தீர்ப்பது பெரும்பாலும் ஒரு சிறு பிள்ளையே. மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் கற்கும் பத்து வயதுச் சிறுமி, தந்தைக்கு வந்த அறிவிப்பைப் படிக்கின்றாள். மருத்துவர் கூறியதைத் தாய்க்கு மொழிபெயர்க்கின்றாள். புரியாத சொல் வருமிடத்து ஊகித்துச் சொல்கின்றாள். அவள் ஊகம் தவறினால் விளைவு அவள் வீட்டையே சாரும்.

செய்தி இல்லாத இடத்தில் வெற்றிடம் இருப்பதில்லை, வதந்தி குடிபுகுகின்றது. 2023 மார்ச்சுத் தொடக்கத்தில் தமிழ்நாடு இதனைக் கண்டது. வடநாட்டுத் தொழிலாளர் இங்கே தாக்கப்படுகின்றனர், கொல்லப்படுகின்றனர் என்று கூறும் படக்காட்சிகள் கைப்பேசி வழியே பரவின. அவை வேறு இடங்களில், வேறு காரணத்தால் நிகழ்ந்த பூசல்களின் படங்கள். தமிழறிந்தோர் மறுப்பைத் தமிழில் அன்றே படித்துவிட்டனர். அஞ்சியவர்களுக்கோ தமிழ் தெரியாது. பீகாரில் இருந்த தாய்மார், மகன் உயிரோடு இருக்கின்றானோ எனக் கலங்கினர். பலர் வேலையை விட்டு இருப்பூர்தி ஏறினர். பின்னர்த் தமிழ்நாட்டுக் காவல் துறை இந்தியிலும் விளக்கம் வெளியிட்டது. உதவி எண்களை அறிவித்தது. பீகார் அரசு அனுப்பிய குழுவினர் நேரில் வந்து தொழிலாளரைக் கண்டு, அப்படங்கள் பொய் எனத் தெளிந்தனர். பொய் அவர்தம் மொழியில் முதலில் வந்தது. மெய் பிந்தி வந்தது. அச்சம் விளைந்தது அந்த இடைவெளியிலேதான்.

அவ்வேளையில், அருகில் உள்ள ஓரிடத்திற்குச் சென்று, 'இது மெய்யா?' எனக் கேட்க இயலுமாயின் எத்துணை நலம் விளைந்திருக்கும்! காவல் நிலையம் அச்சம் தரும். அலுவலகத்தில் வேலை யாது என வினவுவர். கடையில் பொருள் வாங்க வேண்டும். நுழைவோரை எதற்கு வந்தாய் என வினவாத பொது இடம் நகரில் ஒன்றே உள்ளது. அது பொது நூலகம்.

சென்னையில் அத்தகைய நூலகம் வேரூன்றியதற்குச் சீர்காழி இராமாமிர்த அரங்கநாதனின் உழைப்பு பெருங்காரணம். கணித ஆசிரியராய் இருந்த அவர் 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றவர், அங்கே தொழிலாளியும் இல்லத்தரசியும் சிறுவரும் பொது நூலகங்களில் உரிமையோடு நுழைவதைக் கண்டார். 1928 இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்குத் துணைநின்றார். 1931 இல் வெளிவந்த அவருடைய நூல், நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தது. படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் இரண்டாவது விதியின் கருத்து. 'ஒவ்வொருவர்' என்னும் சொல்லுக்கு மொழி எல்லை இல்லை என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

அவருடைய இடைவிடா முயற்சியின் பயனாக, 1948 இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் இதுவே முதலாவது. வீட்டுவரியோடு நூலகத்திற்கென ஒரு பங்கைத் தண்ட அச்சட்டம் வழிசெய்தது. மயிலாப்பூர்த் தெலுங்கரும், திருவல்லிக்கேணி முசுலிமும், தியாகராய நகர்க் குசராத்தி வணிகரும் தம் வீட்டிற்காக அதனைச் செலுத்துகின்றனர். வாடகைக்குக் குடியிருக்கும் ஒரிய கொத்தனார் செலுத்தும் வாடகையினுள்ளும் அது மறைந்துள்ளது. ஆதலின் நூலகத்தில் அவர்களுக்குரியது பங்கு, இரவல் அன்று. பெரும்பாலான கிளை நூலகங்களில் தமிழ் நூல்களும் ஆங்கில நூல்களுமே நிறைந்திருப்பதைக் காண்போர், இக்கணக்கையும் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 1994 இல் வெளியிட்ட பொது நூலக அறிக்கையும், மொழிச் சிறுபான்மையோர் போன்றோர்க்கெனத் தனித் தொண்டு வேண்டும் என வற்புறுத்துகின்றது.

தமிழரும் இவ்வகைத் தொண்டின் பயனை நுகர்ந்தவரே. சிங்கப்பூரில் தமிழர் சிறுபான்மையினர்; எனினும் அந்நாட்டு நூலகங்களில் ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழ் நூல்களும் உள்ளன. கனடாவின் டொராண்டோ நகரப் பொது நூலகத்தில் ஈழத்திலிருந்து குடியேறியோர் தமிழ் நூல்களை இரவல் பெறுகின்றனர். யாழ்ப்பாணத்து மக்களோ தமக்கென ஒரு நூலகத்தை எழுப்பினர். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த வடிவில், அரங்கநாதனின் அறிவுரையும் பெற்று எழுந்த அந்நூலகம் 1959 இல் திறக்கப்பட்டது. 1981 ஆம் ஆண்டு சூன் முதல் நாளை ஒட்டிய இரவில் அது தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. மீண்டும் எழுப்பப்பட்டதெனினும், எரிந்த சுவடிகள் எரிந்தனவே. ஒரு நூலகம் சிறிய சமூகத்திற்கு எத்தகையது என்பதைத் தமிழர்க்குப் பிறர் விளக்க வேண்டுவதில்லை.

நூலகத்திற்கு வர இயலாதோரை நாடி நூலகமே செல்வதும் உண்டு. 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த சிற்றூர்களுக்குக் கனகசபைப் பிள்ளை என்பவர் நூல்களை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினார். வண்டி ஊர் எல்லையில் நின்றதும் மக்கள் சூழ்வர். எழுத்தறியாதார் பிறர் படிக்கக் கேட்பர். 2022 இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தில், தன்னார்வலர்கள் முதியோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோரின் இல்லங்களுக்கு நூல்களைக் கொண்டு சேர்க்கின்றனர். பாசிமணிக் கடைக்கும், கட்டட வேலையாள் தங்கும் தகரக் கொட்டகைக்கும் இவ்வழி நீளுமாயின், எழுத்தில்லா மொழி பேசுவோர்க்கும் செய்தி சேரும். அங்கே வேண்டுவது நூலினும் ஆளே. படித்துக் காட்டவும், படிவத்தை நிரப்பித் தரவும், தெரியாததைத் தெரியாது எனக் கூறி மறுநாள் கேட்டு வந்து சொல்லவும் வல்ல ஓர் ஆள்.

நூல்களுக்கோ சென்னையிற் குறைவில்லை. அடையாற்றில் ஆல்காட்டு 1886 இல் நிறுவிய நூலகத்தில் பல்வேறு எழுத்துகளில் அமைந்த ஓலைச்சுவடிகள் உள்ளன. 2010 இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோர் படிப்பதற்கெனத் தனிப் பகுதியே உண்டு. எழும்பூரில் 1896 முதல் விளங்கும் கன்னிமாரா நூலகத்தின் நிலை இன்னும் வியப்புக்குரியது. 1954 ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் எம்மொழியில் நூல் வெளிவந்தாலும் வெளியிட்டோர் அதன் படியை அந்நூலகத்திற்கு அனுப்புதல் வேண்டும். இப்பேறு பெற்ற நூலகங்கள் நாட்டில் நான்கே. ஆகவே கட்டாக்கிலும் கௌகாத்தியிலும் அச்சாகும் ஒரிய, அசாமிய நூல்களும் எழும்பூருக்கு வருகின்றன. வரிசையாக நிலைப்பேழைகளில் அமர்கின்றன. அங்கிருந்து அடையாறு, பேருந்தில் ஒரு மணிப் பொழுதிற்கு மேற்படாத தொலைவு. அங்கே பகலெல்லாம் கல் சுமந்த ஒரிய இளைஞன், ஊரினின்றும் வந்த பழைய கதைப் புத்தகம் ஒன்றை, அட்டை கிழிந்த பின்னும், தகரக் கொட்டகையின் விளக்கொளியில் நான்காம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கலாம். எழும்பூரில் அவன் மொழி நூல்கள் அடுக்கடுக்காக இருப்பதை அவனிடம் இதுகாறும் எவரும் சொல்லவில்லை.